மரம் எப்படிச் சாப்பிடுகிறது? – மயிலாப்பூரில் படித்த பாடம்



இந்த மாதப் பாடம் செடி, மரம் பற்றியது. "இதுல எங்களுக்குத் தெரியாதது என்ன மேடம் இருக்கு?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது நியாயம்தான். நான் சமூகப்பணி படித்தவள். நாற்றுப் பிடுங்குவதிலும் களை எடுப்பதிலும் உங்களில் யாருக்கும் நான் ஈடாக மாட்டேன். ஆனால் ஒரு விஷயம் உங்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதனால் நம் உறுப்பினர் ஒருவருக்கு நஷ்டம் வந்தது. அந்த நஷ்டத்தில் என் தப்பும் இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த அக்காவின் பெயரும் ஊரும் வேண்டாம். குழுவில் 10,000 ரூபாய் உள்கடன் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் கிடந்த இடத்தில் 40 செடிமுருங்கை போட்டார். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம்.-1 ரகம். ஆடியில் விதை ஊன்றி, மார்கழியில் பூ வைத்தது. தை மாதம் ஒருநாள் படல் சாய்ந்து ஆடுகள் உள்ளே புகுந்துவிட்டன. எட்டின இலையைத் தின்றதோடு விடவில்லை. அடிமரத்துப் பட்டையையும் கடித்து உரித்துப் போட்டன. அக்கா பதறிப்போய் எனக்குப் போன் செய்தார். நான் போய்ப் பார்த்தேன். மேலே இலை பச்சைப் பசேல் என்று இருந்தது. "இலைக்கு ஒண்ணும் ஆகலையே அக்கா, பொழச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் பச்சையாகத்தான் இருந்தது. அப்புறம் பூ கொட்டியது, இலை வெளுத்தது. பங்குனிக்குள் 31 மரம் பட்டுப்போனது. 9 மட்டும் நின்றது. தவணை நின்றுபோனது. கூட்டத்தில் "தண்ணி ஊத்தியிருக்க மாட்டா" என்றார் ஒருவர். "கண்ணு பட்டுடுச்சு" என்றார் இன்னொருவர். "அவ கட்டுற வரைக்கும் நானும் கட்ட மாட்டேன்" என்றுகூட ஒரு குரல் வந்தது. அந்த அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே ஆடு. 31 செத்தது, 9 பிழைத்தது. ஏன்? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது மயிலாப்பூரில்.

கூட்டமைப்பிலிருந்து பட்டறிவுப் பயணமாக 22 பேர் சென்னை போனோம். பங்குனித் திருவிழா முடிந்த அடுத்த வாரம், கூட்டம் குறைந்திருக்கும் என்று கணக்குப் பண்ணிப் போனோம். தாவரவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எங்களோடு வர ஒப்புக்கொண்டார். முருங்கை அக்காவையும் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போனேன்.

முதலில் கபாலீஸ்வரர் கோயில். அம்பாள் மயிலாக வந்து சிவனைப் பூஜித்தது புன்னை மரத்தடியில் என்பது தலவரலாறு. கோயிலுக்குள் இன்றும் தலவிருட்சம் புன்னைதான். சாமி கும்பிட்டுவிட்டு வந்ததும் டீச்சர், கீழே உதிர்ந்து கிடந்த புன்னை இலை ஒன்றை எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். தடிப்பாக, மெழுகு பூசினது மாதிரி வழவழவென்று இருந்தது. கடற்கரை இங்கிருந்து கூப்பிடு தூரம். உப்புக் காற்றும் வெயிலும் இலையின் ஈரத்தை இழுக்கும். அதற்குத் தோதாக இலைக்கு மெழுகுச் சட்டை. "ஓட முடியாத உயிர் இல்லையா, நின்ன இடத்துக்கு ஏத்த மாதிரி உடம்பை வச்சுக்கும்" என்றார் டீச்சர்.

அடுத்து மாடவீதி. தெற்கு மாடவீதியில் காய்கறி, கீரைக் கடைகள். ஒரு கீரைக்கார அம்மா ஈரச் சாக்கைப் போட்டு மூடி, அடிக்கொரு தரம் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். டீச்சர் அங்கேயே நின்று பாடத்தை ஆரம்பித்துவிட்டார்.

இலையின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய இருக்கின்றன. காற்று உள்ளே போவதும் ஈரம் வெளியே வருவதும் அந்த வழியாகத்தான். ஒரு செடி வேரால் நூறு செம்பு தண்ணீர் குடித்தால் 97 செம்புக்கு மேல் இலை வழியாக ஆவியாகிவிடும். வீணாகப் போகிறதே என்று நினைக்க வேண்டாம். மேலே ஆவியாகப் போகப் போக, கீழே இருக்கிற தண்ணீரை அது இழுக்கிறது. உறிஞ்சுகுழலில் இளநீர் குடிக்கும்போது வாயால் இழுக்கிறோம் அல்லவா, அதுபோல. தென்னை மரத்தின் உச்சிக்குத் தண்ணீர் ஏற மோட்டார் கிடையாது. வெயில்தான் மோட்டார். கீரையைப் பிடுங்கின பிறகும் இலை தண்ணீரை விட்டுக்கொண்டேதான் இருக்கும், ஆனால் கொடுக்க வேர் மண்ணில் இல்லை. அதனால்தான் வாடுகிறது. சந்தைக்குக் கீரை கொண்டுபோகிறவர்கள் வெயில் ஏறும் முன்பே பறித்து, நிழலில் ஈரத் துணி போட்டு வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

தண்ணீர் ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமா? காசித்தும்பைச் செடி ஒன்றை வேரைக் கழுவி எடுத்து, கேசரிப் பவுடர் கரைத்த தண்ணீரில் வையுங்கள். அதன் தண்டு கண்ணாடி மாதிரி இருக்கும். சில மணி நேரத்தில் தண்டுக்குள் சிவப்பு கோடு கோடாக ஏறுவது தெரியும். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் அவர்களை வைத்துச் செய்யுங்கள். குறுக்கே நறுக்கிப் பார்த்தால், சிவப்பு எல்லா இடத்திலும் இருக்காது. புள்ளி புள்ளியாகச் சில இடத்தில் மட்டும்தான் இருக்கும். அந்தப் புள்ளிகள்தான் தண்ணீர்க் குழாய்கள். பெரிய மரத்தில் இந்தக் குழாய்கள் பட்டைக்கு உள்ளே, கட்டையில் இருக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இங்கே முருங்கை அக்கா முதன்முதலாக வாயைத் திறந்தார். "அப்ப சாப்பாடு? தண்ணியோட எருவும் சேர்ந்து ஏறுது. அதான சாப்பாடு?"

நாம் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெல்ஜியம் நாட்டில் வான் ஹெல்மாண்ட் என்ற மருத்துவர் இருந்தார். அவர் செய்த சோதனை 1648-இல் புத்தகமாக வந்தது. ஒரு தொட்டியில் சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணை நிறுத்துப் போட்டு, 2 கிலோவுக்குச் சற்று அதிகமான ஒரு மரக்கன்றை நட்டார். ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 76 கிலோவுக்கு வளர்ந்தது. மண்ணை உலர்த்தி மறுபடி நிறுத்தார். குறைந்தது 60 கிராம்கூட இல்லை! அப்படியானால் 70 கிலோவுக்கு மேலான உடம்பு எங்கிருந்து வந்தது? அவர் தண்ணீரிலிருந்து என்று நினைத்தார். பாதி சரி. மீதி காற்றிலிருந்து வந்தது என்பதைப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

அதாவது சமையல் நடப்பது இலையில். வெயில் அடுப்பு. காற்றும் தண்ணீரும் அரிசி, பருப்பு. எரு, யூரியா எல்லாம் உப்பு, புளி மாதிரி. அவை இல்லாமல் சமையல் ஆகாது, அவையே சாப்பாடும் ஆகாது. இலை சமைத்த சர்க்கரைச் சாறுதான் மரம் முழுவதற்கும் உணவு. மண்ணுக்குள் இருட்டில் கிடக்கும் வேருக்குச் சமைக்கத் தெரியாது. அதற்கும் மேலேயிருந்துதான் சாப்பாடு இறங்க வேண்டும். (நம் வீட்டில் சமைக்கிறவள் கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடுகிறாள். இலை அப்படியில்லை. தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டுதான் மற்றவர்களுக்கு அனுப்புகிறது. இதைக் கேட்டு எங்கள் கூட்டத்தில் பெரிய சிரிப்பு.)

உப்பு என்றதும் யூரியா பற்றி ஒரு வார்த்தை. வடுமாங்காய்க்கு உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால் என்ன ஆகிறது? மாங்காய் சுருங்குகிறது, ஜாடியில் தண்ணீர் ஊறுகிறது. உப்பு அதன் தண்ணீரை வெளியே இழுத்துவிட்டது. தண்டோடு ஒட்டி ஒரு கை யூரியாவைக் கொட்டினால் வேருக்கும் அதே கதிதான். மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் குடிக்க முடியாமல் செடி கருகும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல்நீர் புகுந்த நாகப்பட்டினம் வயல்களில் நடந்ததும் இதுதான். ஆகவே உரம் கொஞ்சமாக, தண்டை விட்டுத் தள்ளி, ஈர மண்ணில் போடுங்கள்.

மாடவீதியிலிருந்து லஸ் பக்கம் நடந்தோம். சாலையோரத்து மரங்களின் பாட்டைப் பார்க்கணும். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் இடம்கூட விடாமல் சிமெண்ட். ஒரு மரத்தில் நாலு விளம்பரப் பலகை, ஆணி அடித்து. "ஆணி அடிச்சா மரம் வளர வளரப் பலகை மேலே போயிடாதா?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். போகாது. மரம் உயரம் வளர்வது நுனியில் மட்டும்தான். அடிமரம் பருக்கும், உயராது. நாலடி உயரத்தில் அடித்த ஆணி இருபது வருஷம் கழித்தும் நாலடியில்தான் இருக்கும். மரம் பருத்து ஆணியை விழுங்கிவிடும்.

சிமெண்டுக்கு வருவோம். வேரும் மூச்சு விடுகிறது. மண்ணின் சந்துகளில் இருக்கும் காற்றுதான் அதற்கு. சிமெண்ட் போட்டு மூடினாலும் சரி, கத்தரிப் பாத்தியில் நாலு நாள் தண்ணீர் தேங்கினாலும் சரி, வேர் மூச்சுத் திணறி அழுகும். தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி வாடுவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் அடித்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. காற்றின் வேகம் ஒரு காரணம். வேர் பரவ இடமில்லாமல் மூடி வைத்ததும், குழாய்க்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை வெட்டியதும் இன்னொரு காரணம். புயலை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை என்பது என் கருத்து.

மாலையில் அடையாறு ஆலமரம் பார்க்கப் போனோம். இது பிரம்மஞான சபை வளாகத்துக்குள் இருக்கிறது. அந்தச் சபை அடையாற்றுக்கு வந்தது 1882-இல். மரம் அதற்கு ரொம்ப முந்தியது, சுமார் 450 வயது என்று சொல்கிறார்கள். (நீங்கள் போவதானால் அனுமதி உண்டா, எந்த நேரம் என்று முதலில் கேட்டுக்கொண்டு போங்கள்.) நாங்கள் எதிர்பார்த்தது ஒரு பெரிய அடிமரம். அங்கே அது இல்லை. 1989-இல் அடித்த புயலில் தாய்மரம் சாய்ந்துவிட்டது. நடுவில் வெற்றிடம், சுற்றிலும் தோப்பு மாதிரி விழுதுகள் நிற்கின்றன.

"தாய் மரம் போனப்புறம் கிளையெல்லாம் எப்படி உசுரோட இருக்கு?" இதைக் கேட்டதும் முருங்கை அக்காதான்.

டீச்சர் அவரை ஒரு விழுதுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பதில் சொன்னார். விழுது என்பது முட்டுக்கொடுத்த கம்பு அல்ல. அது வேர். கிளையிலிருந்து தொங்கி, மண்ணைத் தொட்டதும் ஊன்றிப் பருத்துவிடும். அதற்குள்ளும் இரண்டு குழாய் இருக்கிறது. கட்டை வழியாகத் தண்ணீர் மேலே போகிறது. பட்டை வழியாகச் சாப்பாடு கீழே இறங்குகிறது. மேலே இருக்கும் கிளை தன் சொந்த விழுதில் குடித்து, அதற்கே சாப்பாடும் கொடுக்கிறது. இப்படி இரண்டு வழியும் முன்பே அமைந்துவிட்டதால் நடுமரம் விழுந்தும் சுற்றியிருந்தவை பிழைத்தன.

"பட்டை வழியா சாப்பாடா?" என்றார் அக்கா. அவர் முகம் மாறிவிட்டது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

ஆடு கடித்தது பட்டையை. கட்டை அப்படியே இருந்தது. அதனால் தண்ணீர் தடையில்லாமல் ஏறியது, இலை பச்சையாக இருந்தது. நான் இலையைப் பார்த்து ஏமாந்தேன். ஆனால் பட்டை வளையமாக உரிந்துபோனதால் இலை சமைத்த சாறு காயத்துக்குக் கீழே இறங்க வழியில்லை. வேர் தன்னிடம் சேர்த்து வைத்திருந்ததைத் தின்று கொஞ்ச நாள் ஓட்டியது. தீர்ந்ததும் பட்டினி. பட்டினி கிடந்த வேரால் தண்ணீர் எடுக்க முடியவில்லை. அதன் பிறகுதான் இலை வாடியது. நோய் மேலே தெரிந்தபோது கீழே எல்லாம் முடிந்திருந்தது.

ஊர் திரும்பியதும் நேராக அக்கா வீட்டுக் கொல்லைக்குத்தான் போனோம். பிழைத்த 9 மரத்தையும் குனிந்து பார்த்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கமாவது இரண்டு விரல், மூன்று விரல் அகலத்துக்குப் பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டுப்போன மரங்களில் சுற்றிலும் உரிந்திருந்தது. தண்ணீர் ஊற்றாததும் இல்லை, கண்ணேறும் இல்லை.

அந்த முதல் வாரமே தெரிந்திருந்தால் என்ன செய்திருக்கலாம் என்று டீச்சர் சொன்னதை இங்கே எழுதுகிறேன். ஒரு பக்கம் பட்டை மிச்சமிருந்தால், காயத்தின் மேல் களிமண்ணும் சாணியும் குழைத்துப் பூசி, சாக்கால் சுற்றி, காயாமல் காப்பாற்ற வேண்டும். மிச்சப் பட்டை மெல்லப் பரவிக் காயத்தை மூடும். சுற்றிலும் போயிருந்தால், முருங்கை, கொய்யா போன்ற வெட்டினால் துளிர்க்கும் மரங்களைக் காயத்துக்குக் கீழே வைத்து வெட்டிவிட வேண்டும். பச்சையாக நிற்கும் மரத்தை வெட்ட மனசு வராதுதான். ஆனால் வேரில் இருப்பு தீருவதற்குள் வெட்டினால் அடியிலிருந்து தளிர் வரும், வந்த தளிர் வேருக்குச் சோறு போடும். நாங்கள் இரண்டு மாதம் கழித்து வெட்டினோம். 31-இல் 11 துளிர்த்தது. முதல் வாரம் வெட்டியிருந்தால் இன்னும் எத்தனையோ துளிர்த்திருக்கும்.

தென்னைக்கும் வாழைக்கும் இந்தக் கணக்கு வேறு. தென்னையில் பட்டை தனி, கட்டை தனி என்று இல்லை. குழாய்கள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும். வளையக் காயம் என்ற பயம் அதற்கு இல்லை. ஆனால் ஏற வசதியாகப் படி வெட்டினால் அந்தக் காயம் ஆறவே ஆறாது, கடைசி வரை அப்படியே நிற்கும். குருத்து ஒன்றுதான் அதற்கு வளரும் இடம். காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்து அழித்தால் மரம் போச்சு. முருங்கையில் தலைகீழ். இரண்டரை அடி உயரத்தில் நுனியைக் கிள்ளினால்தான் பக்கக் கிளை வெடித்துக் காய் கூடும். நுனி இருக்கும் வரை அது கீழே இருக்கும் மொட்டுகளை அடக்கி வைக்கும். கிள்ளியதும் அவை விழித்துக்கொள்ளும்.

கெடுதல் செய்த அதே வளையம் நமக்குச் சம்பாத்தியமும் கொடுக்கும். பதியம் போடுவது அதுதானே! கொய்யா, மாதுளை, எலுமிச்சையில் பென்சில் பருமன் கிளையில் ஒரு அங்குலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்து, வழவழப்பைச் சுரண்டி, ஈரத் தென்னை நார்க்கழிவு வைத்து, பாலித்தீன் தாளால் இறுக்கிக் கட்டுகிறோம். கீழே இறங்க வழியில்லாத சாறு வளையத்துக்கு மேலே தேங்கி நிற்க, அங்கே வேர் விடுகிறது. மழைக்காலத்தில் கட்டினால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் வெட்டி நடலாம். நர்சரி வைத்திருக்கும் குழுக்கள் இதைக் கைப்பழக்கமாகச் செய்கிறீர்கள். ஏன் வேர் வருகிறது என்று தெரிந்து செய்தால், வழவழப்பைச் சுரண்டாமல் விட்டு பட்டை மறுபடி கூடிப்போகிற தவறு நடக்காது.

அக்காவின் கடன் விஷயம். அடுத்த கூட்டத்தில் நான் நடந்ததைச் சொல்லி, "பிழைச்சுக்கும்னு தப்பாச் சொன்னது நான்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னேன். ஆறு மாதத்துக்கு வட்டி வேண்டாம், அசல் பின்னால் கட்டலாம் என்று குழு தீர்மானம் போட்டது. "தண்ணி ஊத்தியிருக்க மாட்டா" என்று சொன்ன உறுப்பினர்தான் முதலில் கை தூக்கினார். 20 குழியில் புது விதை ஊன்றியாகிவிட்டது. இந்த முறை படலுக்கு முள் கட்டியிருக்கிறார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் தோட்டத்தில் நிறம் மாறிய இலை ஒன்றைப் பறித்து வாருங்கள். எந்தச் செடி, மேல் இலையா அடி இலையா என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். தழைச்சத்து பற்றவில்லை என்றால் செடி கிழட்டு இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும், அதனால் அடி இலை முதலில் மஞ்சளாகும். சாம்பல்சத்துக் குறைந்தாலும் அடி இலைதான், ஆனால் ஓரம் கருகும். இரும்புச்சத்தை அப்படி இடம் மாற்ற அதற்கு முடியாது, ஆகவே குருத்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். வேர்க்கடலை போட்டவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். இலையைக் கூட்டத்தில் வைத்துப் பேசிவிட்டு, உரக்கடைக்கு அப்புறம் போகலாம்.